எந்த மலை பேசுகிறது?

மங்கலத்தில் மௌனம் என்பது கிராக்கியான சரக்கு. திருப்பூருக்கு அடுத்தாற்போல் நொய்யல் கரையில் இருக்கும் இந்த ஊரில் விசைத்தறிகள் இரவும் பகலும் 'டடக்கு டடக்கு' என்று அடித்துக் கொண்டிருக்கும். வெளியூர்க்காரருக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. உள்ளூர்க்காரருக்கோ, நடுநிசியில் மின்சாரம் போய்த் தறி நின்றுவிட்டால்தான் தூக்கம் கலையும்! "ஏனுங்க, என்னாச்சு?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆகாயத்தில் மிதந்து வரும் ஒரு மெல்லிய குரலைப் பிடிப்பதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏதோ மன வருத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஒரு 'ஹாம்'. அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸும் தமக்கென்று ஓர் அழைப்புக் குறியும் பெற்று, சொந்த ரேடியோவில் பேசவும் கேட்கவும் உரிமை பெற்றவர். நாம் ரேடியோவைக் கேட்க மட்டுமே செய்கிறோம். அவர் பதிலும் சொல்வார்!

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கண்டிப்பு உண்டு. வியாபாரம் பேசக் கூடாது. நூல் என்ன விலை, பனியன் ஆர்டர் எப்போது கப்பலேறும் என்றெல்லாம் இதில் பேசினால் குற்றம். திருப்பூர் வட்டாரத்தில் நூல் விலை பேசாமல் நாலு பேர் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் இடம் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நம்முடைய மங்கலத்து ஹாமுக்கு ஒரு சங்கடம். அது என்னவென்று சொல்வதற்கு முன்னால், 'ரிப்பீட்டர்' என்ற ஆசாமியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

* * *

ஹாம் கையில் வைத்திருக்கும் சின்ன ரேடியோவின் சக்தி பெரும்பாலும் 5 வாட். ராத்திரி விளக்குக்குத்தான் போதும். அது பயன்படுத்தும் அலைகளோ 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை. அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். இந்த அலைகள் கிட்டத்தட்ட வெளிச்சத்தைப் போலவே நேர்கோட்டில் போகும். எதிரே ஒரு குன்றோ, மில் கட்டடமோ நின்றால் தடுமாறும். தரையில் நின்றுகொண்டு பேசினால் சில கிலோமீட்டர் எட்டினாலே அதிர்ஷ்டம்.

அந்தக் காலத்தில் இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். "கொழும்பிலிருந்து வந்த பாட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் கணீரென்று கேட்டதே!" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அது சிற்றலை. வானத்தின் மேலே மின்சாரம் ஏறிய மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் மோதித் திரும்பி வரும். 2 மீட்டர் அலை சாதாரணமாக அதைத் துளைத்துக்கொண்டு போயே போய்விடும்.

ஆகவே ஒரு யுக்தி செய்தார்கள். மலை உச்சியில் ஒரு தண்டோராக்காரனை நிறுத்தினால் எப்படி? கீழே ஒருவர் மெல்லச் சொல்வதை அவன் காது கொடுத்துக் கேட்பான். கேட்ட மாத்திரத்தில் அதையே உரத்த குரலில் சுற்று வட்டாரம் முழுவதற்கும் சொல்வான். இந்தத் தண்டோராக்கார இயந்திரத்துக்குத்தான் ரிப்பீட்டர் என்று பெயர். அவன் கேட்பது ஓர் அலைவரிசையில், சொல்வது இன்னொன்றில். இரண்டுக்கும் நடுவே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். ஒரே வரிசையில் கேட்டுக்கொண்டே பேசினால் அவன் குரலே அவன் காதை அடைத்துவிடுமல்லவா?

கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைகளில் தமிழ்நாட்டு ஹாம் அன்பர்கள் இத்தகைய ரிப்பீட்டர்களை நிறுவியதுண்டு. மலைதான் இதற்கு மூலதனம். சமவெளிக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், கணக்குப்படி அதன் கண்ணுக்குச் சுமார் 170 கிலோமீட்டர் தூரம் வரை நிலம் தெரியும். கேட்பவர் மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டால் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடும்.

இப்போது தேசப் படத்தை விரித்து மங்கலத்தின் மேல் விரலை வையுங்கள். வடகிழக்கே சேர்வராயன் மலையில் ஏற்காடு. தெற்கே பழனி மலையில் கொடைக்கானல். வடமேற்கே நீலகிரியில் உதகை. காக்கை பறக்கும் தூரத்தில் மூன்றுமே ஏறத்தாழ 75 முதல் 130 கிலோமீட்டருக்குள் அடங்கும். அடுப்புக்கு மூன்று கல் வைத்தாற்போல் மூன்று திசையிலும் மூன்று மலை; நடுவே பானை வைக்கும் இடத்தில் மங்கலம்! போதாக்குறைக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. ஆடி மாதத்தில் அதன் வழியாக மலையாளத்துக் காற்று வருகிறது என்று விவசாயிகள் மகிழ்வார்கள். காற்று வருகிற வழியில் ரேடியோ அலை மட்டும் வராதா என்ன?

* * *

இனி சங்கடத்துக்கு வருவோம்.

144 முதல் 146 வரை மொத்தமே 2 மெகாஹெர்ட்ஸ். ரிப்பீட்டர்களுக்கு என்று அதற்குள் ஒதுக்கக்கூடிய ஜோடி வரிசைகள் கொஞ்சம்தான். எனவே ஒரே ஜோடியை ஒன்றுக்கொன்று தூரமான மலைகளில் மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். ஒரே பெயருள்ள பையன்களை வெவ்வேறு வகுப்பில் போடுவது போல. சாதாரண நாட்களில் குழப்பமில்லை. ஆனால் சில நாட்களில் சுவர் மறைந்து இரண்டு வகுப்பும் ஒன்றாகிவிடுகிறது. ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பையன்கள் எழுந்து நிற்கிறார்கள்.

மார்கழி மாதத்து விடியற்காலை. மங்கலத்து ஹாம் தம் வழக்கமான மலையைக் கூப்பிட்டு, சேலத்து நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் யாரோ குறுக்கிடுகிறார்கள். சேலத்து நண்பரின் குரல் அப்படியே அமுங்கிப் போகிறது.

"ஏனுங்க மாமா, உங்க பெட்டியில யாரோ மலையாளத்துல பேசறாங்களே?" என்கிறாள் காபி கொண்டுவந்த மனைவி.

"எவனோ வேணும்னே பண்றான். பக்கத்து வீதியில புதுசா ஒருத்தன் செட்டு வாங்கியிருக்கான். அவன் வேலையாத்தான் இருக்கும்!" என்று பல்லைக் கடிக்கிறார் மாமா.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அவருடைய ஆத்தா இதைக் கேட்டுவிட்டு, "எந்தூருன்னு கேக்காமயே வையறயே கண்ணு! மொதல்ல எந்தூருன்னு கேளு" என்கிறாள்.

ரேடியோப் படிப்பு படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை ஆத்தா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். தெரியாத மனிதரைக் கண்டால் நம் ஊரில் முதல் கேள்வி 'எந்த ஊருங்க?' என்பதுதான். ஆகாயத்தில் வந்த விருந்தாளிக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் வாய் திறந்து பதில் சொல்லமாட்டார். நாம்தான் ஜாடைகளை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

* * *

முதல் ஜாடை: வந்திருப்பது வெளியூர் விருந்தாளியா, வீட்டுக்குள்ளேயே இருக்கும் எலியா?

பின்னலாடைத் தொழில் வட்டாரத்தில் மின்சாரச் சாதனங்களுக்குக் குறைவில்லை. மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரங்கள், மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் எல்லாம் ரேடியோவில் 'ர்ர்ர்' என்றும் 'ஸ்ஸ்ஸ்' என்றும் இரைச்சலைக் கொட்டக்கூடியவை. இதைக் கண்டுபிடிக்க நமக்கு ஓர் இலவச உதவியாளர் இருக்கிறார். அவர் பெயர் மின்வெட்டு! மின்சாரம் நின்றதும் ரேடியோவை பாட்டரியில் ஓட்டுங்கள். தறியோடு சேர்ந்து தொல்லையும் நின்றுபோனால் அது உள்ளூர்ச் சரக்கு. தறி நின்ற பிறகும் குரல் தெளிவாக வந்தால், அது வெளியிலிருந்து வருவது.

எலியில் இன்னொரு ஜாதியும் உண்டு. அருகிலுள்ள ஏதாவது கோபுரத்திலிருந்து இரண்டு பலமான அலைகள் வந்து, நம்முடைய ரேடியோவுக்குள்ளேயே கலந்து, இல்லாத மூன்றாவது அலையைப் பிறப்பித்துவிடும். இதற்கும் சோதனை உண்டு. ஆன்டெனாவைச் சிறியதாக மாற்றி, உள்ளே வரும் பலத்தைக் கொஞ்சம் குறையுங்கள். உண்மையான அலை அதே அளவில் கொஞ்சம் குறையும். உள்ளே பிறந்த போலி அலையோ தடாலென்று விழுந்துவிடும்.

இரண்டாவது ஜாடை: தொல்லை என் காதிலா, மலையின் காதிலா?

மங்கலத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஹாமின் காதில் மட்டும் அந்நியக் குரல் விழுந்தால், தூரத்து ரிப்பீட்டர் ஒன்று உரக்கச் சொல்வது நேராக இங்கே வந்து சேருகிறது என்று அர்த்தம். ஆனால் சேலத்திலும் ஈரோட்டிலும் உள்ள நண்பர்களுக்கும் அதே குரல் அதே சமயத்தில் கேட்டால், நம்முடைய மலையே அதைக் காதில் வாங்கி மறு ஒலிபரப்புச் செய்கிறது. வியாதி வேறு, வைத்தியமும் வேறு. ஆகையால் நாலு ஊரில் விசாரிக்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஹாம் ரேடியோக்கள் பலவற்றில் 'ரிவர்ஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், மலை எந்த வரிசையில் காது கொடுக்கிறதோ அதே வரிசையில் நாமும் காது கொடுக்கலாம். அப்படிக் கேட்கும்போதும் அந்தக் குரல் நேராக, பலமாக வந்தால், ஆசாமி பக்கத்தில்தான் இருக்கிறார். பக்கத்து வீதிக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு அப்போதுதான் கொஞ்சம் நியாயம் உண்டு. அங்கே சூனியமாக இருந்து, மலை வழியாக மட்டும் குரல் வந்தால், பாவம், பக்கத்து வீதிக்காரரை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஜாடை: பெயர்.

ஒழுங்காக நடத்தப்படும் ரிப்பீட்டர் அவ்வப்போது தன் அழைப்புக் குறியைத் தானே சொல்லும். சில பேச்சாகவே சொல்லும். பல மார்ஸ் சங்கேதத்தில் 'டிட் டா' என்று தட்டும். இந்தியக் குறிகள் வழக்கமாக வி, யு என்ற இரண்டு எழுத்துக்களில் ஆரம்பமாகும். மார்ஸில் மூன்று குறிலும் ஒரு நெடிலும் வி. இரண்டு குறிலும் ஒரு நெடிலும் யு. இலக்கணம் படித்தவர்களுக்கு இது விளையாட்டு. இலங்கைக் குறியானால் 4 என்ற எண்ணும் எஸ் என்ற எழுத்தும் முதலில் வரும். வி.யு.4 என்றால் அந்தமான்-நிகோபார், வி.யு.7 என்றால் லட்சத்தீவு. ஆனால் வி.யு.2, வி.யு.3 என்பவற்றைக் கொண்டு மாநிலத்தைச் சொல்ல முடியாது. அந்த எண்கள் லைசென்ஸின் தரத்தைக் காட்டுமே தவிர ஊரைக் காட்டமாட்டா. குறியை முழுதாக எழுதிக்கொண்டு, பட்டியலில் தேடித்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பேசும் பாஷையை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடக் கூடாது. கோயமுத்தூரிலேயே மலையாளம் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! பேச்சின் நடுவே வரும் ஊர்ப் பெயர்கள் நல்ல தடயம். ஒருவர் பேசி முடித்ததும் ரிப்பீட்டர் போடும் 'டிங்' ஓசையும், அதன் பிறகு எத்தனை விநாடி கழித்து வாயை மூடுகிறது என்பதும் கூடத் தடயங்களே. பழகிய காதுக்கு, வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் மாதிரி, ஒவ்வொரு மலையின் சுபாவமும் தெரிந்துவிடும்.

நான்காவது ஜாடை: சுருதி.

இதுதான் ரசமான சங்கதி. கச்சேரியில் பாடகர் எத்தனை உரக்கப் பாடினாலும் பின்னால் தம்பூரா மெல்ல மீட்டிக்கொண்டே இருக்கிறதல்லவா? அதுபோல, ஹாம் பேசும்போது அவருடைய ரேடியோ பேச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய சுருதியைக் கூட்டி அனுப்பும். விநாடிக்கு 67 முதல் 250 வரை அதிர்வுகள் உள்ள சுருதிகளில், மலைக்கு ஒன்று என்று வைத்துக் கொள்வார்கள். கேட்பவர் ரேடியோ அந்த ஓசையை வடிகட்டிவிடுவதால் காதில் விழாது. ஆனால் ரிப்பீட்டர் அந்தச் சுருதியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். சுருதி சேர்ந்தால்தான் கதவைத் திறக்கும்.

பல மலைகள் தாங்கள் சொல்லும் குரலோடும் இந்தச் சுருதியைச் சேர்த்து அனுப்புகின்றன. அது என்னவென்று தேடிச் சொல்லும் வசதி இப்போதைய ரேடியோக்கள் பலவற்றில் உண்டு. நம் மலையின் சுருதி ஒன்று, வந்த குரலின் சுருதி வேறொன்று என்றால், பேசுவது வேற்று மலை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஐந்தாவது ஜாடை: திசை.

பழைய டெலிவிஷன் ஆன்டெனாவைப் போன்ற யாகி ஆன்டெனா ஒன்றை மாடியில் சுழற்றிப் பார்த்தால், எந்தப் பக்கம் திருப்பும்போது குரல் பலக்கிறது என்பது தெரியும். அதற்கு வசதியில்லாதவர் கை ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றலாம். நம் உடம்பே அலையை மறைக்கும். குரல் எப்போது மிகவும் நலிகிறதோ, அப்போது நம் முதுகுப் பக்கம்தான் அது பிறக்கும் திசை. மொட்டை மாடியில் ஒருவர் பெட்டியை அணைத்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வேப்பிலை கொண்டுவந்தால் அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. தகரக் கொட்டகைகளும் மலைச் சரிவுகளும் அலையைக் கண்ணாடி போல் திருப்பிவிடும். ஓர் இடத்தில் எடுத்த திசையை நம்பாமல், பல்லடத்தில் ஒருவர், அவிநாசியில் ஒருவர் என்று இரண்டு மூன்று பேர் எடுத்துப் படத்தில் கோடு போட வேண்டும். கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ, அந்தப் பக்கத்தில் தேடலாம்.

ஆறாவது ஜாடை: நேரம். தினமும் எப்போது வந்தது, எப்போது போனது, அன்றைக்குப் பனியா வெயிலா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விடியலில் வந்து, வெயில் ஏற ஏறக் கரைந்துபோகும் குரல் என்றால், அதைக் கொண்டுவந்தது மனிதனல்ல, ஆகாயம்தான். பத்தே நிமிஷத்தில் மறைந்து, அதற்குள் அலைவரிசையும் சற்றே இறங்கிக்கொண்டு வந்தால், அது மலையே அல்ல. தலைக்கு மேலே பறக்கும் செயற்கைக் கோள்! ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஊதல் ஓசை இறங்குகிறதே, அதே காரணம்தான். நம் இஸ்ரோவே ஹாம்களுக்கென்று 'ஹாம்ஸாட்' என்ற கோளை 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிவைத்தது. 2014 வரை அது ஆகாயத்து ரிப்பீட்டராகச் சேவை செய்தது.

* * *

ஆகாயம் எப்படி ஒரு குரலைச் சுமந்துவரும்?

சாதாரணமாக உயரே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். பனிக்கால இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான, உலர்ந்த காற்று மூடி போட்டது போல் நிற்கிறது. நொய்யல் ஓரத்தில் காலையில் புகை மேலே போகாமல் படுக்கைவசமாக நீண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த மூடியின் வேலைதான். ரேடியோ அலை அந்த மூடியில் பட்டதும் கீழ்நோக்கி வளைகிறது. பூமியின் வளைவோடு சேர்ந்து தானும் வளைந்து, அடிவானத்துக்கு அப்பாலும் ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் போவது போல, குழாய்க்குள் அலை போகிறது.

கடல் மேல் இந்தக் குழாய் இன்னும் பலமானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பம்பாய்க் கரையிலிருந்த ரேடார் ஒன்று, ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள அரேபியக் கரையைக் கண்டது என்பது இந்த சாஸ்திரத்தில் பிரசித்தமான உதாரணம். 1957 ஜூலை 8-ஆம் தேதி, கலிபோர்னியாவிலிருந்து ஜான் சேம்பர்ஸ் என்ற ஹாமும், ஹவாய்த் தீவிலிருந்து ரால்ப் தாமஸ் என்ற ஹாமும் இதே 2 மீட்டர் அலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நடுவே இருந்தது 4,000 கிலோமீட்டர் சமுத்திரம்! உலகமே மூக்கில் விரலை வைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி டெலிவிஷன் தொடங்கிய பிறகு, நம் தென்கரை ஊர்களில் உயரமான கம்பம் நட்டு அதைப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அது விருந்து. ஹாமுக்கோ, அதே ஆகாயம் அழைக்காத விருந்தாளியை அழைத்துவருகிறது.

அது சரி, சேலத்து நண்பரின் குரல் ஏன் முழுதாக அமுங்கியது? எப்.எம். முறையின் குணம் அது. இரண்டு அலைகள் ஒரே வரிசையில் வந்தால், சற்றே பலமானது மற்றதை முழுங்கிவிடும். இரண்டும் சமபலமானால் கீச்சென்ற சத்தமும் குதறலும்தான் மிஞ்சும். பலவீனமான குரல் இருந்த சுவடே தெரியாமல் போய்விடலாம். விஷயத்தின் ஆபத்தான முனை இதுதான்.

* * *

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையை யாரும் மறக்கமாட்டார்கள். அன்று பாரதி பிரசாத் என்ற பெண்மணி போர்ட் பிளேரில் இருந்தார். தனி அனுமதி பெற்று, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற குறியோடு, அந்தமானிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேச வந்திருந்தவர். சுனாமி அடித்தது. டெலிபோன்கள் செத்தன. பொழுதுபோக்குக்காக விரித்திருந்த ரேடியோ, பிழைத்திருப்பவர்கள் யார் என்று பிரதான நிலப்பகுதிக்குச் சொல்லும் கருவியாக மாறியது. "உன் மகன் நலமாக இருக்கிறான்" என்ற செய்திக்காகக் காத்துக்கிடந்த குடும்பங்களுக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிது என்று சொல்லவும் வேண்டுமா?

அது சிற்றலையில் நடந்தது. ரிப்பீட்டர் வழியாக அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. அவசரம் வரும்போது அலைவரிசை சுத்தமாக இருக்க வேண்டும். நாளைக்கு நொய்யலில் வெள்ளம் புரண்டு, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துபோய், ஒருவர் கை ரேடியோவில் பாட்டரியின் கடைசி மூச்சில் மலையைக் கூப்பிடலாம். அந்தச் சமயத்தில் வேற்று மலையின் குரல் அவரை முழுங்கிவிடக் கூடாது.

சுருதிப் பூட்டு போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பாதிதான் போதும். சுருதி நம் காதைப் பொத்துகிறதே தவிர, ஆகாயத்திலிருந்து அந்த அலையை விரட்டுவதில்லை. தொல்லை கேட்காமல் போகும். ஆனால் பலவீனமான நம்மவர் குரலை அது அமுக்குவது நிற்காது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் வாசலில் நடக்கும் சண்டை ஓய்ந்துவிடுமா? அதனால்தான் யார், எந்த மலை என்று கண்டுபிடித்தே ஆக வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்தபின் வழிகள் இருக்கின்றன. வரிசையை மாற்றிக் கொள்ளலாம். சக்தியைக் குறைக்கலாம். ஆன்டெனா அந்தத் திசையில் அதிகம் வீசாதபடி அமைக்கலாம். இவை எல்லாம் மலைக்கு மலை பேசித் தீர்க்கும் காரியங்கள். வேண்டுமென்றே குறும்பு செய்பவன் என்று நிரூபணமானால், அதற்கு மத்திய சர்க்காரின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மைக்கைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் கத்துவது மட்டும் வழியல்ல. அதனால் இரண்டாயிருந்த தொல்லை மூன்றாகும்.

கடைசியாக, மங்கலத்து மாமாவுக்கு ஒரு வார்த்தை. அலைக்குப் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று கிடையாது. வந்த வழியே திரும்பியும் போகும். மார்கழி விடியலில் அந்தக் குரல் உங்கள் வீட்டுக்கு வந்ததென்றால், உங்கள் குரலும் அதே நேரத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கக் கூடும். கணவாய்க்கு அப்பால் ஓர் அன்பர் தம் பெட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டு, "யாரோ தமிழில் பேசித் தொந்தரவு செய்கிறானே!" என்று பல்லைக் கடித்துக் கொண்டிருப்பார்.

அவரும் தம் தாயார் சொல் கேட்டு, "எந்த ஊர்?" என்று முதலில் கேட்பாரானால், இரண்டு பேருக்கும் ஒரு புதுச் சிநேகிதர் கிடைப்பார்.